‘சுருக்’குனு ஒரு வேலை!

உங்க வீட்டு பீரோ மேலேயோ, டி.வி. ஸ்டாண்டுக்கு அடியிலேயோ ஒரு பழைய பிளாஸ்டிக் கவர் கிடக்கும். தாத்தாவோட சுகர் ரிப்போர்ட், அம்மாவோட தைராய்டு ரிப்போர்ட், போன மழைக்காலத்துல உங்களுக்கு வந்த காய்ச்சலுக்கு எடுத்த ரிப்போர்ட்னு எல்லாம் நாலா மடிச்சு அதுக்குள்ளே இருக்கும். இந்த வாரம் அதுல ஒண்ணை எடுத்துப் பாருங்களேன். நடுவுல ஒரு நம்பர், பக்கத்துல ‘நார்மல் இவ்வளவு’ன்னு இன்னொரு நம்பர். நாம ரெண்டையும் பார்த்துட்டு, ‘அப்பாடா’ன்னோ ‘அச்சச்சோ’ன்னோ சொல்லிட்டு மூடிடுவோம். கீழே, டாக்டர் கையெழுத்துக்கு இந்தப் பக்கம், குட்டியா ஒரு கிறுக்கல் இருக்கும். அதுக்குக் கீழே ‘லேப் டெக்னீஷியன்’னு போட்டிருக்கும். ‘ஒரு நாள் ஒரு வேலை’யில் இந்த வாரம் அந்தக் கிறுக்கலுக்குச் சொந்தக்காரியைப் பிடிச்சேன்!

பிடிக்கறதுக்கு ரொம்ப அலையலை. அவள் என்னோட ப்ளஸ் டூ வரைக்கும் ஒரே பெஞ்ச். 2021-ல் பத்தாவது பொதுத்தேர்வே எழுதாம ‘ஆல் பாஸ்’ வாங்கின புண்ணியவான்கள் பேட்ச் நாங்க. (போதும், சிரிக்காதீங்க. கேட்டுக் கேட்டு காது புளிச்சுப்போச்சு!) 2023-ல் நான் பயோமெடிக்கல் இன்ஜினீயரிங் சேர்ந்தேன். அவள் ஒரு அரசு மருத்துவக் கல்லூரியில் டி.எம்.எல்.டி. சேர்ந்தாள். மருத்துவ ஆய்வக நுட்பத்துக்கான ரெண்டு வருஷ டிப்ளமோ அது. மூணாம் வருஷ பெஞ்ச்ல உட்கார்ந்து நான் இன்னும் இன்டர்னல் மார்க்குக்காக ஸ்டாஃப் ரூம் வாசல்ல நிக்கறேன். அவள் மதுரையில ஒரு தனியார் லேப்ல வேலைக்குச் சேர்ந்து ஏழு மாசம் ஆச்சு. ‘என் பேரும் வேண்டாம், லேப் பேரும் வேண்டாம். போட்டேன்னா பேச மாட்டேன் பார்த்துக்க’ன்னு முதல்லயே மிரட்டிட்டா. அதனால நமக்கு அவள் ‘தோழி’.

லேப் வேலைன்னா வெள்ளை கோட்டு, கண்ணாடிக் குடுவை, கலர் கலரா புகைன்னு நாம சினிமாவுல பார்த்த சங்கதி ஒண்ணுகூட அங்கே இல்லை. வெள்ளை கோட்டு மட்டும் உண்டு, அதுலயும் ரெண்டு பட்டன் இல்லை. காலை ஆறரைக்கு ஷட்டர் திறக்கறப்பவே வாசல்ல பத்துப் பேர். எல்லாரும் பசியில இருக்கறதால எல்லாருமே கோபத்துல இருப்பாங்க. வெறும் வயித்து சுகர் டெஸ்ட்டுக்குக் குறைஞ்சது எட்டு மணி நேரம் ஒண்ணும் சாப்பிட்டிருக்கக் கூடாது. தோழி எல்லாரையும் கேட்கிற முதல் கேள்வி, “ஏதாவது சாப்பிட்டீங்களா?” வர்ற பதில், “ஒண்ணும் சாப்பிடலைம்மா... காபி மட்டும்தான்!”

இதைக் கேட்டு நான் சிரிச்சுட்டேன். அவள் சிரிக்கலை. அந்தப் பெரியவரை உட்கார வெச்சு, காபியில சர்க்கரை போட்டாரா, பால் ஊத்தினாரா, எத்தனை மணிக்குக் குடிச்சாருன்னு விசாரிச்சு, “நாளைக்கு வாங்க தாத்தா, இன்னைக்கு எடுத்தா உங்க காசுதான் வேஸ்ட்டு”ன்னு அனுப்பி வெச்சா. அவர் முணுமுணுத்துக்கிட்டே போனார். லேப் முதலாளி கணக்குல இதனால ஒரு பில் குறையும். அந்த ரிப்போர்ட்டை வெச்சு அவருக்கு மாத்திரையைக் கூட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கங்க.

அடுத்தது நரம்பு தேடும் படலம். புத்தகத்துல அது சிரை. நம்ம ஊர்ல எல்லாருக்கும் அது ‘நரம்பு’தான். “என் நரம்பு கிடைக்காதுமா, போன தடவை மூணு இடத்துல குத்தினாங்க”ன்னு ஒரு அம்மா முன்கூட்டியே பயமுறுத்தினாங்க. முழங்கைக்கு மேல நாலு விரல் தள்ளி ரப்பர் பட்டையைக் கட்டறாங்க இல்லையா, அதை ஒரு நிமிஷத்துக்கு மேல கட்டி வெச்சிருக்கக் கூடாது. கட்டினபடியே தேடிக்கிட்டிருந்தா, அங்கேயே தேங்கி நிக்கிற ரத்தத்துல சில அளவுகள் மாறிடும். ‘கையை மடக்கி மடக்கி விரிங்க’ன்னு சில இடங்கள்ல சொல்வாங்க. அதுவும் தப்பு, பொட்டாசியம் ஏறிக் காட்டும். ஸ்பிரிட் தடவினதும் உடனே குத்தக் கூடாது, காயணும். காயாம குத்தினா எரியும், சிவப்பணுக்களும் உடையலாம். இதெல்லாம் தெரியாம இவ்வளவு நாளா நாம முகத்தைத் திருப்பிக்கிட்டு, ‘சீக்கிரம் குத்துங்க’ன்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கோம் பாஸ்!

தோழி விரலால தடவிப் பார்க்கறா. கண்ணால இல்லை, விரலாலதான். “பார்த்தா பச்சையா தெரியறதெல்லாம் நமக்கு உதவாதுடி. அமுக்கினா ஸ்பிரிங் மாதிரி திரும்பி வரணும். அதுதான் நல்ல நரம்பு”ன்னா. அந்த அம்மாவுக்கு ஒரே குத்துல கிடைச்சிருச்சு. எந்த காலேஜ் வைவாவிலும் நான் அவ்வளவு நிம்மதியா ஒரு முகத்தைப் பார்த்ததில்லை. ரெண்டு தடவை குத்தியும் கிடைக்கலேன்னா அவள் மூணாவது தடவை முயற்சி பண்ண மாட்டா. சீனியர் அண்ணனைக் கூப்பிடுவா. படிக்கிறப்ப அவங்க கத்துக்கிட்ட முதல் ஒழுங்கு அதுதானாம்.

ரத்தம் வந்தாச்சு. அதை எதுல பிடிக்கறதுங்கறதுதான் அடுத்த கூத்து. மேஜை மேல கலர் கலர் மூடியில ட்யூப் அடுக்கி வெச்சிருப்பாங்களே, அது அழகுக்கு இல்லை. ஊதா மூடிக்குள்ளே ரத்தம் உறையாம இருக்க ஈ.டி.டி.ஏ. தடவியிருக்கும். ரத்த அணுக்களை எண்ணறதுக்கு அது. நீல மூடியில சோடியம் சிட்ரேட், ரத்தம் எவ்வளவு நேரத்துல உறையுதுன்னு பார்க்கறதுக்கு. அதுல ரத்தம் ஒன்பது பங்கு, மருந்து ஒரு பங்கு. கோடு வரைக்கும் நிரப்பலேன்னா கணக்கே தப்பிடும். சிவப்பு, மஞ்சள் மூடியில ரத்தத்தை உறையவிட்டுச் சுத்தினா மேலே தெளிஞ்சு நிக்கும் சீரம். சாம்பல் மூடி சுகருக்கு. ஏன் சுகருக்குத் தனி ட்யூப்? ட்யூப்புக்குள்ளே போனப்புறமும் ரத்த அணுக்கள் உயிரோட இருக்கு. பசிக்குது. சர்க்கரையைத் தின்னுக்கிட்டே இருக்கு! பிரிக்காம சும்மா வெச்சிருந்தா மணிக்கு 5 முதல் 7 சதவிகிதம் வரை குறைஞ்சிடும். அந்தத் தீனியை நிறுத்தத்தான் சாம்பல் மூடிக்குள்ளே ஃப்ளோரைடு.

ஒரே குத்துல நாலு ட்யூப் நிரப்பணும்னா அதுக்கு ஒரு வரிசை உண்டு. நீலம், சிவப்பு, பச்சை, ஊதா, சாம்பல். (மஞ்சள் சிவப்போட சேர்த்தி.) இந்த வரிசையை மனப்பாடம் பண்ண தோழி முதல் வருஷத்துல ஒரு வாக்கியம் கட்டி வெச்சிருக்கா: ‘நீ சிரிச்சுப் பேசினா ஊசி சாதாரணம்’. முதல் எழுத்துகளைப் பாருங்க... நீ, சி, பே, ஊ, சா! நாம பீரியாடிக் டேபிளுக்குக் கட்டின கண்றாவி வாக்கியங்களோட ஒப்பிட்டா இது இலக்கியம்.

வரிசை மாறினா என்ன? ஊதா மூடியில இருக்கிற ஈ.டி.டி.ஏ. ஒரு பொட்டாசியம் உப்பு. முதல்ல ஊதாவை நிரப்பிட்டு அப்புறம் சிவப்புக்குப் போனா, ஒரு துளி ஊசி வழியா கூடவே போயிடலாம். பொட்டாசியம் கூடிக் காட்டும், கால்சியம் குறைஞ்சு காட்டும். நோயாளிக்கு ஒண்ணுமே இல்லாம இருக்கும். ஆனா ரிப்போர்ட்ல, இதயம் எந்த நேரமும் நின்னுடலாம்ங்கற அளவுக்கு ஒரு நம்பர் நிக்கும். டாக்டர் ஓடி வருவார், ஐ.சி.யு. திறக்கும், வீட்டுல அழுகை ஆரம்பிக்கும். ஊசி பிடிச்சவங்க ஒரு ட்யூப்பை முன்ன பின்ன வெச்சதுக்கு இவ்வளவும்.

இப்ப நம்ம ஏரியாவுக்கு வருவோம், இன்ஜினீயரிங் மக்களே! ரத்த அணுக்களை எண்ணற மெஷினைப் பார்த்ததும் எனக்குப் பழைய நண்பனைப் பார்த்த மாதிரி ஆச்சு. உள்ளே இருக்கிறது வாலஸ் கோல்டர்ங்கற அமெரிக்கர் 1953-ல் காப்புரிமை வாங்கின தத்துவம். உப்புத் தண்ணியில ரத்தத்தைக் கலந்து, ஒரு பொடி ஓட்டை வழியா விடறாங்க. ஓட்டைக்கு ரெண்டு பக்கமும் மின்சாரம். அணு ஒவ்வொண்ணும் நுழையறப்ப மின்தடை ஒரு நொடி எகிறும். எத்தனை தடவை எகிறுச்சோ அத்தனை அணு. எவ்வளவு உயரம் எகிறுச்சோ அவ்வளவு பெரிய அணு. அவ்வளவுதான், ஓம் விதி! பொடிசா எகிறினா பிளேட்லெட், கொஞ்சம் பெருசுன்னா சிவப்பணு. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்துல கிட்டத்தட்ட 40, 50 லட்சம் சிவப்பணு. கையால எண்ணின காலத்துல கட்டம் போட்ட கண்ணாடித் துண்டுல ஒரு துளியை வெச்சு மைக்ராஸ்கோப்பில எண்ணுவாங்களாம். தோழிக்கு அதையும் சொல்லிக் கொடுத்திருக்காங்க. கரன்ட் போச்சுன்னா என்ன பண்ணுவே?

இன்னொரு அதிர்ச்சியும் இருக்கு. டோட்டல் குவாலிட்டி மேனேஜ்மென்ட் பேப்பர் ஞாபகம் இருக்கா? பரீட்சைக்கு முந்தின ராத்திரி ஆறு மணிக்கு ஆரம்பிச்சு ஒன்பது மணிக்கு முடிச்சு, மறுநாள் மத்தியானம் மறந்தே போற பேப்பர்! அதுல ‘கன்ட்ரோல் சார்ட்’னு ஒண்ணு வரும். ஷூவார்ட் 1924-ல் தொழிற்சாலைக்காகப் போட்டது. அதையே 1950-ல் லெவி, ஜென்னிங்ஸ்னு ரெண்டு பேர் மருத்துவ லேபுக்குக் கொண்டு வந்துட்டாங்க. தினமும் காலையில முதல் நோயாளியோட ரத்தம் மெஷினுக்குள்ளே போறதுக்கு முன்னாடி, அளவு ஏற்கெனவே தெரிஞ்ச ஒரு கன்ட்ரோல் சாம்பிளை ஓட்டணும். வர்ற நம்பரைக் கிராஃப்ல புள்ளி வைக்கணும். நடுக்கோட்டிலிருந்து மூணு எஸ்.டி. தாண்டிப் போச்சுன்னா மெஷினை நிறுத்து. அடுத்தடுத்து ரெண்டு புள்ளி ஒரே பக்கத்துல ரெண்டு எஸ்.டி. தாண்டிப் போனாலும் நிறுத்து. பத்துப் புள்ளி வரிசையா நடுக்கோட்டுக்கு ஒரே பக்கமா விழுந்தா, ஒண்ணொண்ணும் பார்க்க நல்லாத்தான் இருக்கும், ஆனாலும் மெஷின் மெதுவா ஒரு பக்கம் சாயுதுன்னு அர்த்தம். இந்த விதிகளையெல்லாம் தொகுத்து 1981-ல் வெளியிட்டவர் வெஸ்ட்கார்ட். நான் பதிமூணு மார்க் கேள்வின்னு மட்டும் நினைச்சுப் படிச்சதை, என் பெஞ்ச்மேட் தினமும் காலையில ஏழு மணிக்குச் செய்யறா.

மெஷினே எல்லாம் பண்ணிடுதே, அப்புறம் ஆள் எதுக்குன்னு கேட்டேன். (நம்ம காலேஜ்ல இப்ப எல்லா வேலைக்கும் கேட்கிற அதே கேள்விதான்.) அதுக்கு அவள் ஒரு சம்பவம் சொன்னா.

சேர்ந்து மூணாவது மாசம். ஐப்பசி மழை. ஊரெல்லாம் காய்ச்சல், எல்லாருக்கும் டெங்கு பயம். பிளேட்லெட் பார்க்கத்தான் முக்கால்வாசிக் கூட்டம். சாதாரணமா ஒரு மைக்ரோலிட்டருக்கு ஒண்ணரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை இருக்கும். ஒரு நர்சிங் ஹோம்ல இருந்து வந்த சாம்பிள்ல மெஷின் 19,000-னு காட்டுது. பையனுக்கு வயசு 19, ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிறவன். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை அங்கேயிருந்து போன். ‘நம்பரை மட்டும் சொல்லுங்க, ரிப்போர்ட் அப்புறம் வரட்டும்.’ சீனியர் அண்ணன் வீடு வீடா சாம்பிள் எடுக்கப் போயிட்டார். லேப்ல இவள் மட்டும்.

மெஷின் நம்பருக்குப் பக்கத்துல ஒரு குட்டிக் குறி போட்டிருந்தது. ‘பிளேட்லெட் ஒட்டிக்கிட்டு இருக்கலாம், பார்த்துக்க’ங்கறது அதோட அர்த்தம். சிலரோட ரத்தத்துல ஈ.டி.டி.ஏ. பட்டதும் பிளேட்லெட் எல்லாம் கொத்துக் கொத்தா ஒட்டிக்கும். உடம்புக்குள்ளே அல்ல, ட்யூப்புக்குள்ளே மட்டும். பத்து பிளேட்லெட் சேர்ந்து ஒரு கட்டியாப் போனா, நம்ம கோல்டர் மெஷினுக்கு அது பிளேட்லெட்டே இல்லை, ஏதோ பெரிய அணு. எண்ணிக்கையில விட்டுடும். மெஷின் தப்பு பண்ணலை. அதுக்குத் தெரிஞ்சது உயரம் மட்டும்தான்.

அவள் ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகடுல வெச்சு, இன்னொரு தகடால சாய்வா இழுத்து, லீஷ்மன் சாயம் ஊத்தி, கழுவி, காயவெச்சு மைக்ராஸ்கோப்புல வெச்சா. இதுக்கே கால் மணி நேரம் போகும். அதுக்குள்ளே மூணு போன். தகடோட ஓரத்துல பார்த்தா... திராட்சைக் கொத்து மாதிரி பிளேட்லெட். ஒண்ணு ரெண்டு இல்லை, பார்க்கிற இடமெல்லாம்.

போன்ல அவள் சொன்னது, “சார், இந்த நம்பரைத் தர முடியாது. நீல மூடி ட்யூப்ல இன்னொரு தடவை ரத்தம் எடுத்து அனுப்புங்க.” அந்தப் பக்கம் எகிறினாங்க. ‘நேத்து வேலைக்கு வந்த பொண்ணு நீ எனக்குச் சொல்றியா? இங்கே அப்பா அம்மா ரத்த வங்கிக்குக் கிளம்பிட்டாங்க.’ இவள் கை நடுங்கிச்சாம். இருந்தாலும் லேப் பேத்தாலஜிஸ்ட் மேடத்துக்கு போன் போட்டு, ஸ்லைடைப் படம் பிடிச்சு அனுப்பினா. மேடம் ஒரே வரி சொன்னாங்க: “நீ சொன்னதுதான் சரி. நான் பேசிக்கறேன்.” நீல மூடி ட்யூப் வந்தது. மெஷின் 1,42,000 காட்டிச்சு. சிட்ரேட் மருந்து ஒரு பங்கு கலந்திருக்கிறதால 1.1-ஆல பெருக்கணும். 1,56,000 சொச்சம்! பையனுக்கு வெறும் வைரல் காய்ச்சல். நாலாம் நாள் எழுந்து பரோட்டா கேட்டிருப்பான்.

அவனுக்கு இவளைத் தெரியாது. அவங்க அப்பா அம்மாவுக்கும் தெரியாது. “அட, யாராவது ஒருத்தராவது தேங்க்ஸ் சொன்னாங்களாடி?”ன்னு கேட்டேன். “ஏன் ரிப்போர்ட் ஒரு மணி நேரம் லேட்டுன்னு கேட்டாங்க”ன்னா. அதே வாரத்துல இன்னொரு சாம்பிள், 14,000. அதுக்கும் ஸ்லைடு போட்டா. இந்தத் தடவை கொத்தும் இல்லை, ஒண்ணும் இல்லை, தேடித் தேடிப் பார்த்தாலும் அங்கொண்ணு இங்கொண்ணுதான். உடனே போன். ஓடினாங்க. அந்த நோயாளி என்ன ஆனாங்கன்னு இவளுக்குத் தெரியாது. லேப்ல அந்தக் கதையெல்லாம் திரும்பி வராது.

படிக்கிறப்ப சளிப் பரிசோதனைக்குப் போஸ்டிங் போட்டிருந்தாங்களாம். டி.பி. கிருமி, 1882-ல் ராபர்ட் கோக் கண்டுபிடிச்சாரே, அதே ஆள்தான். சாயம் போட்டா நீலப் பின்னணியில சிவப்புக் குச்சியா தெரியும். இப்போ ட்ரூநாட் மாதிரி மரபணுப் பரிசோதனைகள் வந்தாச்சு. ஆனாலும் மைக்ராஸ்கோப் இன்னும் ஓய்வெடுக்கலை. இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் என்னன்னா, ‘இருக்கு’ன்னு சொல்றது சுலபம். குச்சியைப் பார்த்தாச்சு, முடிஞ்சது. ‘இல்லை’ன்னு சொல்றதுக்கு முன்னாடி குறைஞ்சது நூறு ஃபீல்டு பார்க்கணும். ஒரு ஃபீல்டுங்கறது லென்ஸ்ல ஒரு நேரத்துல தெரியற வட்டம். நகர்த்து, பார், நகர்த்து, பார்... நூறு தடவை. இருபதுல நிறுத்திட்டு ‘இல்லை’ன்னு எழுதினா பக்கத்துல நிக்கிறவங்களுக்குக்கூடத் தெரியாது. அந்த எண்பது ஃபீல்டு அவளுக்கும் அவளோட மைக்ராஸ்கோப்புக்கும் மட்டும் தெரிஞ்ச விஷயம்.

சரி, சம்பளம் என்னன்னுதானே கேட்கறீங்க? அவளுக்கு ஆரம்பம் பதினோராயிரம். பஸ், சாப்பாடு, ஹாஸ்டல் வாடகை போக வீட்டுக்கு அனுப்ப மூவாயிரம் மிஞ்சினா அந்த மாசம் தீபாவளி. வாரத்துல ரெண்டு நைட் ஷிஃப்ட். நைட்ல தனியாதான். வாட்ச்மேன் தாத்தா வாசல்ல தூங்குவார். காசுகூடப் பரவாயில்லைன்னு அவள் சொல்ற குறை வேற. “நர்ஸ் அக்காவை எல்லாரும் ‘சிஸ்டர்’னு கூப்பிடறாங்க. எங்களுக்கு ஒரு பேரே இல்லைடி. ‘ஏம்மா... ரத்தம் எடுக்கிற பொண்ணு’ன்னுதான் கூப்பிடுவாங்க!”

ஆபத்தும் இருக்கு. உபயோகிச்ச ஊசிக்குத் திரும்ப மூடி போடவே கூடாது, அப்படியே வெள்ளை நிற, குத்தினாலும் துளைக்காத டப்பாவுக்குள்ளே போடணும். 2016-ல் வந்த மருத்துவக் கழிவு விதிகள்ல எது எந்த நிறத்துலங்கறது தெளிவா இருக்கு. ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி மூணு தவணையும் போட்டிருக்கணும். ஊசி கையில குத்திடுச்சுன்னா மறைக்காம உடனே சொல்லணும். ஹெச்.ஐ.வி.க்கான தடுப்பு மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கறோமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வேலைக்குச் சேர்றப்ப ‘சம்பளம் எவ்வளவு?’ங்கறதோட, ‘தடுப்பூசி போடறீங்களா, ஊசி குத்தினா என்ன ஏற்பாடு?’ன்னும் கேளுங்க. முழிச்சாங்கன்னா யோசிங்க.

இன்னொண்ணும் சொல்லியே ஆகணும். தோழி முதல்ல ஒரு இடத்துக்கு இன்டர்வியூ போனா. பேர் வேண்டாம். கன்ட்ரோல் ஓட்டறது எப்போன்னு இவள் கேட்டதுக்கு, ‘அதெல்லாம் வாரத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கலாம், ரீஏஜென்ட் விலை தெரியுமா?’ன்னு பதில். டேபிள் டிராயர்ல டாக்டர் கையெழுத்து முன்கூட்டியே போட்ட லெட்டர் பேடு ஒரு கட்டு. சம்பளம் ரெண்டாயிரம் அதிகம். அவள் ‘வீட்டுல கேட்டுச் சொல்றேன் சார்’னு கும்பிடு போட்டுட்டு வந்துட்டா. அந்த ரெண்டாயிரம் அவங்க வீட்டுக்கு ரொம்பப் பெரிய காசு. அவங்க அப்பா ரெண்டு நாள் பேசலை.

இந்த வேலையில மாணவர்கள் பண்ணின சாதனை ஏதாவது உண்டான்னு தேடினப்ப, நம்ம ஊர்க் கதையே ஒண்ணு கிடைச்சது. 1986. இந்தியாவுல ஹெச்.ஐ.வி. இருக்குன்னு யாருக்கும் தெரியாது, ‘நம்ம ஊருக்கெல்லாம் அது வராது’ன்னு பெரியவங்களே பேசிக்கிட்டிருந்த நேரம். சென்னை மருத்துவக் கல்லூரியில நுண்ணுயிரியல் மேற்படிப்பு மாணவி செல்லப்பன் நிர்மலாவுக்கு, அவங்க பேராசிரியை சுனிதி சாலமன் ஒரு ஆய்வுத் தலைப்பு கொடுத்தாங்க. பாலியல் தொழிலாளர்கள்கிட்ட ரத்த மாதிரி எடுத்து ஹெச்.ஐ.வி. பார்க்கணும். நிர்மலா தயங்கித் தயங்கித்தான் இறங்கினாங்க. மாதிரிகளை வீட்டு ஃப்ரிட்ஜ்ல வெச்சு, ஐஸ் பெட்டியில போட்டு ராத்திரி ரயில்ல வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனாங்க. ஒண்ணும் இருக்காதுன்னுதான் எதிர்பார்ப்பு. ஆறு மாதிரிகள்ல நிறம் மாறிச்சு! அப்பவும் அவசரப்பட்டு அறிவிக்கலை. அந்த ஆறு பேர்கிட்டயும் புதுசா ரத்தம் எடுத்துத் திரும்பச் சோதிச்சு உறுதி பண்ணினப்புறம்தான் நாட்டுக்குத் தெரிஞ்சது. தோழிகிட்ட இதைச் சொன்னேன். அவள் கேட்ட முதல் கேள்வி: “ரயில்ல ஐஸ் உருகாம எப்படி வெச்சிருந்தாங்களாம்?” தொழில்காரி!

தம்பி, தங்கை யாராவது ப்ளஸ் டூ-வில இருந்தா இதை அவங்ககிட்ட காட்டுங்க. இயற்பியல், வேதியியல், உயிரியல் எடுத்தவங்க டி.எம்.எல்.டி.க்கு விண்ணப்பிக்கலாம், பி.எஸ்ஸி. எம்.எல்.டி.யும் இருக்கு. அரசு வேலைக்கு, 2012-ல் தொடங்கின மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், அதாவது எம்.ஆர்.பி., லேப் டெக்னீஷியன் பணியிடங்களுக்கு ஆள் எடுக்குது. அதோட பழைய அறிவிப்பு ஒண்ணை எடுத்து, எந்தச் சான்றிதழை ஏத்துக்கறாங்கன்னு எழுத்தெழுத்தாப் படிச்சுட்டு அப்புறம் காலேஜ்ல சேருங்க. பஸ் ஸ்டாண்டு சுவர்ல ‘ஆறே மாதத்தில் லேப் டெக்னீஷியன்’னு ஒட்டியிருக்கிற போஸ்டரை நம்பிப் பணத்தைக் கட்டிடாதீங்க. 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழிலாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், இந்தத் துறை டிப்ளமோவுக்குக் குறைஞ்சது ரெண்டு வருஷம், 2,000 மணி நேரம் படிப்புன்னு சொல்லுது. ஆறு மாசத்துல அது எப்படி முடியும்?

இன்ஜினீயரிங் மக்களுக்கும் இங்கே இடம் இருக்கு. மெஷினைச் சர்வீஸ் பண்ண, சாஃப்ட்வேர் எழுத, சாம்பிளுக்கு பார்கோடு மாறாம பார்த்துக்க... தோழியோட மெஷின் கெட்டா கம்பெனி இன்ஜினீயர் வர ரெண்டு நாள் ஆகுதாம். “நீ படிச்சு முடிச்சு வந்து பக்கத்துலயே உட்காரு”ன்னு எனக்கு ஆஃபர் லெட்டரே கொடுத்துட்டா. கேம்பஸ் இன்டர்வியூ இல்லாம கிடைச்ச ஒரே ஆஃபர்!

கடைசியா, தோழி உங்க எல்லார்கிட்டயும் சொல்லச் சொன்னது. அடுத்த தடவை ரத்தம் கொடுக்கப் போனா, முன்னாடி மயக்கம் போட்டிருந்தா அதை முதல்லயே சொல்லிடுங்க, படுக்க வெச்சு எடுப்பாங்க. காபி குடிச்சிருந்தா ஒத்துக்கங்க, யாரும் அடிக்க மாட்டாங்க. எடுத்து முடிச்சதும் பஞ்சை அமுக்கிப் பிடிங்க, தேய்க்காதீங்க, கையை மடக்கிக்கிட்டு போனைப் பார்க்காதீங்க. நாற்காலியிலிருந்து எழுந்திருக்கறதுக்கு முன்னாடி அந்த ட்யூப்புல எழுதியிருக்கிறது உங்க பேர்தானான்னு ஒரு தடவை எட்டிப் பாருங்க. சந்தேகமா இருந்தா கேளுங்க. அவங்க கோபிச்சுக்க மாட்டாங்க, சந்தோஷப்படுவாங்க.

அடுத்த வாரம்: ராத்திரி ரெண்டு மணிக்கு மாட்டுத்தாவணி மார்க்கெட்ல காய்கறி மூட்டை எண்ணற வேலை. தூங்காம காத்திருங்க!